வெளிச்சம் பார்த்து மாப்பிள்ளை

அமீர்பேட்டின் ஜவுளிக் கடைகளில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. அரக்கு நிறப் பட்டுப் புடவை ஒன்றை மடியில் பரப்பி வைத்துப் பார்க்கிறார் ஓர் அம்மாள். விலை பேசியாயிற்று. மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "ஒரு நிமிஷம், வெளியில வெச்சுப் பாத்துட்டு வந்துடறேன்" என்று புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார். பின்னாலேயே ஒரு விற்பனைப் பையனும் போகிறான், புடவைக்குக் காவலாகவும் சிபாரிசுக்காகவும். மெட்ரோ ரயில் பாலத்தின் நிழல் விழாத இடமாகப் பார்த்து முந்தானையை விரிக்கிறார் அம்மாள். உள்ளே அரக்காக இருந்தது இங்கே செங்கல் நிறமாக இருக்கிறது. "இது வேண்டாம்ப்பா, வேற காட்டு."

ஒளியியல் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல இது, அனுபவம். துணி தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதைத்தான் நிறம் என்கிறோம். விழும் வெளிச்சத்திலேயே சிவப்பு குறைச்சல் என்றால், திருப்பி அனுப்ப சிவப்பு எங்கிருந்து வரும்? தெருவெல்லாம் மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில், இரவு நேரத்தில் தன் சிவப்பு ஸ்கூட்டரைத் தேடித் திணறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த விளக்கின் கீழே சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு.

புடவை எடுப்பவருக்கு வாசல் இருக்கிறது. மீனுக்கு வாசல் இல்லை. தண்ணீர் எந்த வெளிச்சத்தை உள்ளே விடுகிறதோ அந்த வெளிச்சத்தில்தான் பெண் மீன் தன் ஜோடியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வெளிச்சம் மாறினால் தேர்வும் மாறுமா? மாறும் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மாறினால் என்ன நஷ்டம் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு ஓர் ஏரி முழுவதும் பதில் சொல்லியிருக்கிறது.

அமீர்பேட்டிலோ வேறு எந்தப் பேட்டையிலோ வண்ண மீன் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மீன் அல்ல, விளக்கு. தொட்டிகளின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு டியூப். அதன் கீழ் சிவப்பு மீன் தணலாக ஜொலிக்கும். ஆரஞ்சு மீன் பழுத்த மிளகாய்ப் பழம்போல இருக்கும். பாலிதீன் பையில் வாங்கி வந்து வீட்டுத் தொட்டியில் விட்டதும் அதே மீன் சோகை பிடித்ததுபோலத் தெரியும். கடைக்காரர் மீனை மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மாறியது விளக்கு மட்டும்தான். இந்த வித்தை வாங்க வரும் மனிதர்களுக்காகச் செய்வது. தொட்டிக்குள் இருக்கும் பெண் மீனும் அதே விளக்கில்தான் பார்க்கிறது என்பதைக் கடைக்காரர் யோசிப்பதில்லை.

அந்தத் தொட்டிகளில் மிக மலிவானது கப்பி. ஒரு பெரிய தொட்டி நிறைய வைத்திருப்பார்கள். பெண் கப்பி சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பருமனாக, அலங்காரமே இல்லாமல் இருக்கும். ஆண் பாதி உடம்புதான். ஆனால் ஆரஞ்சு, கறுப்பு, நீலம், வெள்ளிப் பொட்டுகளும் விசிறி வாலுமாக, கல்யாண வீட்டுச் சின்ன மாமனார்போலப் பந்தா. பெண் முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பிரசவம். மேற்கிந்தியத் தீவுகளில் இதற்கு 'மில்லியன்ஸ்' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல.

கப்பிக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையம் பேகம்பேட். அங்கே பழைய விமான நிலையத்தின் அருகில் இருக்கும் கட்டடத்தில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அதன் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். நோயாளியைக் கடிக்க விடும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி கொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று உறுதியான பிறகு கொசுவை எப்படி ஒழிப்பது என்பதே பிரச்னை. ஒரு வழி, கொசுப்புழுவைத் தின்னும் மீனைத் தேடிப் பிடிப்பது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பி இந்தியாவுக்கு வந்தது. 1928இல் கம்பூசியா வந்தது. இன்றும் மழைக்காலம் வந்தால் மாநகராட்சிகள் குளங்களிலும் கால்வாய்களிலும் இவற்றை வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அழுக்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தி கப்பிக்கு அதிகம். நம் ஊர்ச் சாக்கடைகளில் எட்டிப் பார்த்தால் கூட்டம் கூட்டமாக நீந்துவது பெரும்பாலும் அதுதான்.

இதன் சொந்த ஊர் சாக்கடை அல்ல. டிரினிடாட் தீவின் வடக்கு மலைத்தொடரில், மரங்கள் கவிந்த ஓடைகளில், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீரில் வாழ்ந்த மீன். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் டிரினிடாடிலிருந்து சில மீன்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்; அவர் பெயரே மீனுக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஓடைகளில் எழுபதுகளில் அலைந்தவர் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர். கப்பியின் பொட்டுகளை எண்ணுவதும் அளப்பதும் அவருடைய வேலை. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கண்ணெதிரே பரிணாமம் நடப்பதைக் காட்டியதற்கு இன்றும் பாடப் புத்தகங்களில் தரப்படும் உதாரணம் அதுதான்.

அவர் கண்டது இது. ஒரே ஓடையில் அருவிக்குக் கீழே பெரிய வேட்டை மீன்கள் உண்டு. அங்கே ஆண் கப்பி பொட்டுகள் குறைந்து மங்கலாக இருக்கிறது. அருவிக்கு மேலே வேட்டை மீன்கள் ஏற முடியாது. அங்கே ஆண் கப்பி ஏகப்பட்ட அலங்காரத்துடன் திரிகிறது. பெண்ணுக்குப் பிடித்தது பளபளப்பு. எதிரிக்கும் எளிதில் கண்ணில் படுவது பளபளப்பு. இரண்டுக்கும் நடுவே ஆண் கப்பி பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. 1976இல் எண்ட்லர் 200 கப்பிகளை ஆபத்தான இடத்திலிருந்து எடுத்து, பெரிய எதிரிகள் இல்லாத, அதுவரை கப்பியே இல்லாத ஓர் ஓடையில் விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதாவது சுமார் 15 தலைமுறைகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தால், மங்கல் ஆண்களின் வாரிசுகள் பொட்டும் பூச்சுமாக மாறியிருந்தன.

இதுவரை வந்த கதையில் வெளிச்சம் இல்லை. எண்ட்லர் அடுத்துத் திரும்பியது அந்தப் பக்கம். காட்டுக்குள் வெளிச்சம் ஒரே மாதிரி இல்லை என்பதை அவர் கருவி வைத்து அளந்தார். அடர்ந்த மரத்தடியில் இலைகளினூடே வடிகட்டி வருவது பச்சை கலந்த வெளிச்சம். மரங்கள் இடைவெளி விட்டு நின்று மேலே வானம் தெரியும் இடத்தில், வெயில் நேராக விழாத நிழல் நீலம் கலந்தது. கூரையின் சிறு ஓட்டை வழியாக நேராக விழும் வெயில் மஞ்சள் கலந்தது. மேகம் மூடினால் எல்லா இடமும் வெள்ளை. இவை தவிர, சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மட்டும் ஊதா கலந்த ஒரு வெளிச்சம் வருகிறது. அதில் சிவப்பும் நீலமும் தூக்கல். நடுவில் உள்ள பச்சையும் மஞ்சளும் குறைச்சல்.

ஆண் கப்பி எந்நேரமும் பெண்ணின் பின்னால் சுற்றும் பிராணிதான். ஆனால் முறையான ஆட்டத்துக்கு, அதாவது உடம்பை ஆங்கில 'எஸ்' எழுத்துபோல வளைத்துப் பெண்ணின் முன்னால் நடுங்கிக் காட்டும் அந்த வித்தைக்கு, அது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வேளை விடியலும் அந்தியும். நடுப்பகலில் வேட்டை மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் நன்கு வெளிச்சமான இடத்தில் ஆடிக் காட்டுவது தற்கொலைக்குச் சமம். எண்ட்லர் இதோடு விடவில்லை. கப்பியின் கண் எந்த நிறங்களை உணர்கிறது, வேட்டை மீனின் கண் எவற்றை உணர்கிறது, எந்த நேரத்தில் தண்ணீருக்குள் என்ன வெளிச்சம் என்று மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். 1991இல் வெளியான முடிவு அழகானது. காதல் நடக்கும் நேரத்தில், காதல் நடக்கும் இடத்தில், அந்தப் பொட்டுகள் பெண் கப்பியின் கண்ணுக்கு அதிகம் எடுப்பாகத் தெரிகின்றன. எதிரி வேட்டையாடும் நேரத்தில் எதிரியின் கண்ணுக்கு அவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை. விடியற்காலையின் ஊதா வெளிச்சத்துக்கென்றே தைத்த சட்டை அது. சில ஓடைகளில் முக்கிய எதிரி மீன் அல்ல, ஒரு வகை நன்னீர் இறால். இறாலுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. அங்கே வாழும் ஆண் கப்பிகளின் உடம்பில் ஆரஞ்சு தாராளம்.

ஆரஞ்சின் மேல் பெண்ணுக்கு ஏன் அத்தனை மோகம்? ஜவுளிக் கடைக்கும் மீனுக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பெண் கப்பி பார்ப்பது அழகை மட்டும் அல்ல. ஆரஞ்சு நிறத்தைத் தரும் கரோட்டினாய்டு என்ற பொருளை மீனின் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாது. பாசியிலிருந்தும் தண்ணீரில் விழும் பழங்களிலிருந்தும் சாப்பிட்டுச் சேர்க்க வேண்டும். நன்றாக இரை தேடத் தெரிந்த ஆணுக்குத்தான் நல்ல ஆரஞ்சு. ஒட்டுண்ணி பிடித்தால் ஆரஞ்சு வெளுத்துப் போகும். ஆக, அந்தப் பொட்டு ஒரு ஜாதகம். அதோடு சம்பளச் சீட்டு, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் சேர்ந்தது. பொய்யாகத் தயாரிப்பது கஷ்டம்.

ஆனால் சர்டிபிகேட்டைப் படிக்க வெளிச்சம் வேண்டும். 1989இல் லாங், ஹூட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பெண் கப்பிகள் ஆரஞ்சு அதிகமுள்ள ஆண்களை நாடின. விளக்கை மாற்றி ஆரஞ்சு வெளிச்சம் போட்டதும், அதாவது ஆரஞ்சுப் பொட்டு தனித்துத் தெரிய முடியாதபடி செய்ததும், அந்த விருப்பம் மறைந்துவிட்டது. ஆண்கள் அதே ஆண்கள்தான். ஆட்டமும் நின்றுவிடவில்லை. பெண்ணுக்கு ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தறியும் வழி மட்டும் போய்விட்டது.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்திலிருந்து இதைவிடக் காரமான ஒரு செய்தி வந்தது. மிலின்ஸ்கி, பாக்கர் என்ற இருவர் சோதித்தது ஸ்டிக்கிள்பேக் என்ற ஐரோப்பிய மீனை. முதுகில் மூன்று முள் உள்ள, விரல் நீள மீன். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்தும் வயிறும் சிவந்துவிடும். வெள்ளை வெளிச்சத்தில் பெண்கள் அதிகம் சிவந்த ஆணைத் தேர்ந்தெடுத்தன. பச்சை வெளிச்சத்தில் அந்தத் தேர்வு காணாமல் போனது. இதுவரை கப்பியின் கதைதான். பிறகு அந்த நல்ல சிவப்பு ஆண்களுக்கு வெள்ளைப் புள்ளி நோயைத் தொற்ற வைத்தார்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் 'இச்' என்று சொல்லிப் பயப்படுவார்களே, அதே நோய். சிவப்பு மங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் பெண்கள் உடனே மனம் மாறி, முன்பு ஒதுக்கிய மற்ற ஆண்களிடம் போய்விட்டன. பச்சை வெளிச்சத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. நோயாளியும் ஆரோக்கியசாலியும் அங்கே ஒன்றுதான்.

ஆய்வகத்தில் பச்சை விளக்கு போட்டது மனிதன். வெளியே ஏரியில் யார் போடுவார்கள்? அங்கேயும் மனிதன்தான்.

சுத்தமான தண்ணீரில் இறங்க இறங்க முதலில் காணாமல் போவது சிவப்பு வெளிச்சம். சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும். நீலம்தான் வெகு தூரம் போகும். ஆழ்கடல் படங்கள் எல்லாம் நீலமாக இருப்பது அதனால்தான். ஆனால் தண்ணீரில் மண்ணும் மட்கிய இலைச் சாறும் கலந்தால் கணக்கு தலைகீழ். அவை நீலத்தை முதலில் விழுங்கிவிடும்; மிச்சம் இருப்பது மஞ்சளும் சிவப்பும். பாசி மண்டினால் பச்சையும் மஞ்சளும். தேநீர்க் கோப்பைக்குள் வாழும் மீனுக்கும் பச்சைப் பாட்டிலுக்குள் வாழும் மீனுக்கும் தெரியும் உலகம் வேறு வேறு. சாக்கடை, உரம், அரிக்கப்பட்ட மண் ஆகியவை ஓர் ஏரியில் கலக்கும்போது தண்ணீர் அசுத்தமாகிறது என்கிறோம். மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் யாரோ விளக்கை மாற்றிவிட்டார்கள்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி கிட்டத்தட்ட 69,000 சதுர கி.மீ. பரப்புடையது. கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும் ஏரி. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்து மீண்டும் நிரம்பியது. அந்தக் குறுகிய காலத்தில் அங்கே 500க்கும் மேற்பட்ட சிக்லிட் மீன் இனங்கள் தோன்றின. சிக்லிட் என்றால் அந்நியமாகத் தோன்ற வேண்டாம். நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பத்துப் பங்காளிதான். விக்டோரியாவின் இனங்கள் பலவற்றில் உடல் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு ஆணின் நிறத்தில். ஓர் இனத்தின் ஆண் நீலம். அதன் நெருங்கிய உறவினமான இன்னொன்றின் ஆணுக்கு முதுகு சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். டான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் பெயரை இந்தச் சிவப்பு இனத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். பெண்களைப் பார்த்தால் எது எந்த இனம் என்று சொல்வது கடினம்.

இந்த இரண்டும் கலந்தால் குட்டிகள் பிறக்குமா? தாராளமாகப் பிறக்கும். அவை வளர்ந்து மேலும் குட்டிகள் பெறும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறுக் கழுதையின் கதை இங்கே இல்லை. அப்படியானால் இரண்டு இனங்களும் ஒரே பாறை ஓரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கலக்காமல் இருந்தது எப்படி? சிவப்பு இனத்துப் பெண் சிவப்பு ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. நீல இனத்துப் பெண் நீல ஆணை. தடுப்புச் சுவர் பெண்ணின் கண்ணில் இருந்தது. வேறு சுவர் அநேகமாக இல்லை.

ஓலே சீஹாசன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதைத் தொட்டியில் வைத்துச் சோதித்தார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பெண்கள் தத்தம் இனத்து ஆண்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தன. ஒற்றை ஆரஞ்சு நிற வெளிச்சத்தில், அதாவது நம் பழைய சோடியம் தெருவிளக்கு போன்ற வெளிச்சத்தில், சிவப்பும் நீலமும் ஒன்றுபோலத் தெரிந்தன. பெண்கள் இனம் பார்க்காமல் யாரிடமும் போயின. பிறகு அவர்கள் ஏரிக்கே போனார்கள். காடு அழிந்து, மண் அரித்து, உரமும் கழிவும் கலந்து, சில பத்தாண்டுகளில் ஏரியின் பல பகுதிகள் கலங்கிப் போயிருந்தன. டான்சானியாவின் முவான்ஸா வளைகுடாவில் தீவு தீவாகத் தண்ணீருக்குள் எந்த நிற வெளிச்சம் எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். தெளிந்த தண்ணீர் உள்ள இடங்களில் ஆண்கள் பளிச்சென்று இருந்தன; இனங்களும் அதிகம். கலங்கிய இடங்களில் ஆண்கள் மங்கல், இனங்கள் குறைவு. சில இடங்களில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. நடுவாந்தரமான கலப்பு மீன்கள் மட்டுமே இருந்தன. 1997இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது இந்தக் கட்டுரை.

விக்டோரியா ஏரி என்றதும் விவரம் தெரிந்தவர்கள் நைல் பெர்ச் என்ற ராட்சச மீனைத்தான் குற்றம் சாட்டுவார்கள். 1950களில் வெள்ளைக்கார அதிகாரிகள் விட்ட அந்த மீன் எண்பதுகளில் பெருகி நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்களை விழுங்கியது உண்மை. அது கண்ணுக்குத் தெரிந்த கொலை. கலங்கல் செய்த காரியம் வேறு ரகம். எந்த மீனும் சாகவில்லை. வலையில் விழும் எடை குறையவில்லை. முட்டைகளும் குட்டிகளும் வழக்கம்போல. இரண்டு இனங்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து இல்லாமல் போயின, அவ்வளவுதான். இறப்பைப் பதிவு செய்யச் சடலம் வேண்டும். இங்கே சடலம் கிடையாது.

2008இல் இதே குழு இன்னொரு விவரத்தைச் சேர்த்தது. நீல இனம் கரையோர மேல்மட்டத்தில் இருக்கும். சிவப்பு இனம் சற்று ஆழத்தில். ஆழம் போகப் போக அந்த ஏரியில் மிஞ்சும் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாய்கிறது. ஆழத்தில் உள்ள மீனின் கண்ணில் சிவப்பை உணரும் நிறமிக்கான மரபணுவே சற்று வேறுபட்டிருக்கிறது. வெளிச்சம் முதலில் கண்ணைத் திருத்தியது, கண் ஜோடியைத் திருத்தியது, அதிலிருந்து தனி இனம் பிறந்தது என்பது அவர்கள் வாதம். இப்படிப் பிரிவதற்கு மிதமான தெளிவாவது வேண்டும். தண்ணீர் மிகவும் கலங்கி, சில சாண் ஆழத்துக்குள் வெளிச்சம் தலைகீழாக மாறிவிடும் இடங்களில் அந்தப் பிரிவினை நடக்கவே இல்லை. ஆக, கலங்கல் இருக்கும் இனங்களை அழிப்பதோடு வரவேண்டிய இனங்களையும் தடுக்கிறது.

பால்டிக் கடலிலும் இதே சங்கதி. கழிவால் பாசி மண்டும் பின்லாந்துக் கரையோரத்தில் ஸ்டிக்கிள்பேக் ஆணின் சிவப்பு நம்பத்தகுந்த அடையாளமாக இல்லாமல் போவதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் ஆண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால், பலவீனமான ஆண் பலசாலியின் எதிரே துணிந்து வேஷம் கட்டுவதில்லை. கலங்கலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வேஷம் கட்டத் தடையில்லை.

அமீர்பேட்டுக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே ஹுசேன் சாகர். 16ஆம் நூற்றாண்டில், குதுப் ஷாஹி மன்னர் காலத்தில் வெட்டியது. உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வருவதற்கு முன் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த ஏரி. பிறகு குகட்பள்ளி நாலா தொழிற்சாலைக் கழிவையும் வீட்டுச் சாக்கடையையும் கொண்டுவந்து சேர்த்தது. ஏரி பச்சைப் பாட்டில் ஆனது. மீன்கள் செத்து மிதக்கும் நாட்களில் பத்திரிகையில் படம் வரும். சாகாமல் பிழைத்துக் கிடக்கும் மீன்களுக்குத் தண்ணீருக்குள் என்ன தெரிகிறது என்பது செய்தியாவதில்லை. சென்னையின் ஏரிகளுக்கும் பெங்களூரின் ஏரிகளுக்கும் இதே வாக்கியங்களைப் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

நாலாக்களில் விடப்படும் கப்பியின் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்கலாம். விடியற்கால ஊதா வெளிச்சத்துக்காக உருவான பொட்டுகள். கீழே கறுப்புச் சேறு, மேலே கான்கிரீட் மூடி. கப்பி ஓரளவு சமாளிக்கும் மீன். மங்கலான வெளிச்சத்தில் வளர்ந்த கப்பிகள் இரை தேடுவதற்குக் கண்ணைவிட மோப்பத்தை அதிகம் நம்புகின்றன என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இரைக்கு மோப்பம் போதும். ஆரஞ்சுப் பொட்டை மோந்து பார்க்க முடியாது. கொசுப்புழு தின்றால் போதும் என்று நினைக்கும் சுகாதார அதிகாரிக்கு இது கவலையில்லை. அவருடைய கணக்கில் கப்பி ஒரு மருந்து, டோஸ் குறைந்தால் இன்னொரு வாளி.

சென்னை கொளத்தூரில் கப்பி வளர்ப்பவர்களிடம் கதை வேறு. அங்கே பெண் கப்பிக்குத் தேர்வு உரிமையே கிடையாது. வளர்ப்பவர் வாலைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, ஆணைப் பொறுக்கி எடுத்துப் பெண்ணோடு தனித் தொட்டியில் விடுகிறார். ஏற்பாட்டுக் கல்யாணம். சிவப்பு, நீலம், முழுக் கறுப்பு, பாம்புத் தோல் என்று விதவிதமாக உருவாகியிருப்பது மனிதக் கண்ணின் ரசனை. டிரினிடாட் ஓடையில் அந்த விசிறி வாலோடு ஓர் ஆண் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் வேட்டை மீனின் வயிற்றில் இருக்கும். ஆனாலும் கடைத் தொட்டியில் ஆண்களையும் பெண்களையும் கலந்து விட்டால் பழைய குணம் போவதில்லை. ஆண் வளைந்து நடுங்கும்; பெண் பார்த்துவிட்டுச் சில சமயம் நிற்கும், பல சமயம் திரும்பிப் போய்விடும்.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து சின்ன உபகாரம் ஒன்று உண்டு. இளஞ்சிவப்பு டியூபை நள்ளிரவு வரை எரிய விடாமல், காலை வெயில் சற்றே எட்டிப் பார்க்கும் ஜன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்தால், வீட்டில் காபி கலக்கும் நேரத்துக்கு முன்பே ஆட்டம் ஆரம்பமாவதைப் பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாசி பிடிக்கும் என்று கடைக்காரர் எச்சரிப்பார். பிடிக்கும்தான். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். மற்ற மூன்று பக்கத்தையும் விட்டுவிடலாம். ஆண் கப்பி நாள் முழுவதும் அங்கே கொத்திக்கொண்டிருக்கும். அதன் ஆரஞ்சு அங்கிருந்துதான் வருகிறது.